ஷேடு மாறிய பால்

மேகம் வந்து வெயிலை மூடுவதற்குள் மொட்டை மாடிக்குப் போய்விட வேண்டும். கஸ்பார் இரண்டிரண்டு படியாகத் தாவினான். வலது கையில் கண்ணாடி டம்ளர். அதன் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பால். பற்களுக்கு நடுவில் விசிறி போல மடிந்த, பெயிண்ட் நிறங்கள் பட்டை பட்டையாக அச்சடித்த ஷேடு கார்டு.

அவனுக்குப் பின்னால் ரோசியின் குரல் படியேறி வந்தது.

"யோவ், அது புள்ள குடிக்கிற பாலு. உங்க கம்பெனி சாம்பிள் இல்ல. எத்துகினு எங்கய்யா ஓடுற?"

கஸ்பாரின் வாயில் கார்டு இருந்தது.

மாடியில் துறைமுகத்துக் கிரேன்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடக்குப் பார்த்து நின்றான். டம்ளரைத் தூக்கினான். கார்டை விரித்து ஒவ்வொரு பட்டையாக அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். மூன்றாவது பட்டையில் கை நின்றது.

ராயபுரத்தில், கப்பலுக்கும் விசைப்படகுக்கும் பெயிண்ட் விற்கிற கிடங்கில் கஸ்பார் ஷேடு பார்க்கிறவன். படகு முதலாளி யாராவது பழைய பெயிண்டை நகத்தளவு சுரண்டிக் கொண்டுவந்து கொடுத்தால், அதே நிறத்தைக் கலந்து தருவது அவன் வேலை. 'வெள்ளை வேணும்' என்று யாரும் அவனிடம் சொல்லிவிட முடியாது. 'எந்த வெள்ளை?' என்று கேட்பான். தன் கல்யாணத்தன்று, புடவை ஒரு வெள்ளை, முக்காடு ஒரு வெள்ளை என்று பீடத்துக்கு முன்னாலேயே மணப்பெண்ணின் காதில் சொன்னவன். ரோசி அதை இன்னும் மறக்கவில்லை.

கீழே வந்தான்.

"மாறிட்ச்சு ரோசி. ரெண்டு ஷேடு ஏறிகீது."

"இன்னா ஏறிகீது?"

"மஞ்சா. போன மாசம் வரைக்கும் முத்து வெள்ளை. இப்ப பட்டரு."

ரோசி குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். ரயில்வே டிக்கெட் கவுன்ட்டரில் அவளுக்கு வேலை. வேலைக்குக் கிளம்புவதற்கு முன் பாலைப் பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவாள்.

"பாலுக்குப் போயி எவனாச்சும் ஷேடு பாப்பானா? புள்ள குடிக்குதா, அத்தோட வுடு."

"புள்ள எங்க குடிக்குது?"



அதுதான் விஷயம். ஒரு வாரமாக ஜெரி நாலு வாய் உறிஞ்சிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மூக்கைச் சுருக்குகிறான். கடையில் கலப்படச் சரக்கை வாங்கிவிட்ட ஆள் மாதிரி அம்மாவை ஒரு பார்வை பார்க்கிறான். அப்புறம் பசி தாங்காமல் அழுதுகொண்டே மறுபடி வருகிறான்.

ஜெரிக்குப் பத்து மாதம். பசும்பால் அவனுக்கு ஆகாது. ஒரே ஒரு முறை பாலாடையில் கொடுத்துப் பார்த்ததில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துப்போய், கஸ்பார் சட்டை கூடப் போடாமல் அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினான். டின் பாலிலும் அதே கதை. ராகிக் கஞ்சி குடிப்பான், பருப்புச் சோறு சாப்பிடுவான். ஆனால் பால் என்றால் ரோசியின் பால் ஒன்றுதான். அது கெட்டுப்போனால் போய் வாங்குவதற்கு வேறு கடை கிடையாது.

கஸ்பாரின் அக்கா ரெஜினா கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தாள். காசிமேட்டில் விடியற்கால மீன் வியாபாரத்தை முடித்துக்கொண்டு வந்து, ரோசி திரும்பும் வரை ஜெரியைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். செவுளைப் புரட்டிப் பார்த்தே மீன் எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று சொல்லிவிடுவாள். டம்ளரையும் அப்படித்தான் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

"மஞ்சாதான். காமாலையா இருக்கப் போவுது. கண்ணக் காட்டுடி."

கஸ்பார் ரோசியின் இமையை இழுத்துப் பிடித்தான். கார்டை அவள் கன்னத்தின் மேல் வைத்தான்.

"கண்ணு வெள்ளை கரெக்டா கீதுக்கா. ஒரு பொட்டு மஞ்சா இல்ல."

"மூஞ்சிய இன்னா சொவருன்னு நெனச்சிகினியா?" ரோசி அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"அப்ப சூடு," என்றாள் ரெஜினா. "அந்த டிக்கெட்டு ரூம்புல குந்திகினு குந்திகினு ஒடம்பு சூடாயி, பாலு பழுத்துப் போயிகீது."

பால் பழுக்கும் என்று கஸ்பார் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அக்கா சொன்னால் காசிமேட்டில் ஏலம் விடுகிறவர்களே மறுத்துப் பேச மாட்டார்கள்.

சூட்டைத் தணிக்கக் கீரை. அன்று மத்தியானம் முருங்கைக்கீரை. ராத்திரி பொன்னாங்கண்ணி. மறுநாள் எழுந்ததும் கீரையை அரைத்துப் பிழிந்த சாறு ஒரு சொம்பு. ரோசி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். பிள்ளைக்காக என்றால் அவள் கடலையே குடிப்பாள்.

இரண்டாம் நாள் கஸ்பார் மாடியிலிருந்து இறங்கி வந்த வேகத்தில் ஒரு படி தவறியது. டம்ளரை மட்டும் தவற விடவில்லை.

"பிஸ்தா," என்றான்.

"இன்னாது?"

"பிஸ்தா கலரு. பாலு பச்சை அடிக்குது ரோசி."

ரெஜினா டம்ளரை வாங்கிப் பார்த்தாள். மெல்லிசாக, வெள்ளைச் சுவரில் மரத்து நிழல் விழுந்த மாதிரி ஒரு பச்சை. அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"இதுல இன்னாடா? புள்ள பெத்தவள பச்ச ஒடம்புக்காரின்றோம். அவ பெத்தத பச்சப் புள்ளன்றோம். நடுவுல பாலு மட்டும் பச்சையா வந்துட்டா குத்தமா?"

ரோசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கஸ்பாருக்கு வரவில்லை. மஞ்சளை எடுக்கப் போய்ப் பச்சை வந்திருக்கிறது. அதுவும், பச்சைக்கு அடியில் அந்த மஞ்சள் அப்படியே இருக்கிறது. வேறு யாருக்கும் தெரியாது. அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

கிடங்குக்குப் போனதும் செங்குட்டுவனைத் தேடினான். நிறம் கலக்கிற டின்டிங் மிஷினில் நிற்பவன். கலவை எப்படிக் கெட்டாலும் சரிக்கட்டித் தருவான். ஆனால் பெண்டாட்டியின் பாலைப் பற்றி இன்னொரு ஆண்பிள்ளையிடம் எப்படிப் பேசுவது? கஸ்பார் சுற்றி வளைத்தான்.

"மாமு, ஒரு டவுட்டு. நம்ம கிட்ட ஒரு வெள்ளை கீது. நல்லா வந்துகினு இருந்துச்சு. இப்ப பச்சை அடிக்குது."

"யாரு சரக்கு?"

"கம்பெனி சரக்கு இல்ல. லோக்கலு."

"எத்தினி நாளா சப்ளை?"

"பத்து மாசம்."

"அப்ப வுட்டுத் தள்ளு மாமு. அந்த டிரம்மத் தூக்கிக் கடாசிட்டு வேற ஒண்ணு எடு."

கஸ்பாருக்கு வியர்த்தது. "வேற எடுக்க முடியாது. ஒரே டிரம்முதான். சர்ச்சுல வெச்சு கையெழுத்துப் போட்டு எடுத்தது."

"சர்ச்சுக்குப் பெயிண்டு அடிக்கிறதா? அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" செங்குட்டுவன் கையைத் துடைத்துக்கொண்டான். "கடாச முடியாதுன்னா கலரக் கொல்லு. பச்சைக்கு எதிரி செவப்பு. ஒரு சொட்டு செவப்பு வுட்டேன்னா பச்சை அப்டியே அடங்கிடும். நீ பாக்காததா?"

கஸ்பார் பார்க்காததா? ஆயிரம் டப்பாவில் பார்த்திருக்கிறான். இத்தனை நேரம் அது ஏன் தோன்றவில்லை என்று தன் தலையில் தட்டிக்கொண்டான்.

"ஆனா அளவு பாத்து மாமு," என்று செங்குட்டுவன் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். அதற்குள் கஸ்பார் காய்கறி மார்க்கெட்டுக்குப் பாதி தூரம் போயிருந்தான்.

அன்று வீட்டில் பீட்ரூட் பொரியல். பீட்ரூட் கூட்டு. பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்த ஜூஸ்.

"இன்னாய்யா திடீர்னு?" என்றாள் ரோசி.

"ரத்தம் ஊறும். துன்னு."

இவ்வளவு அக்கறையோடு புருஷன் வாங்கி வந்திருக்கிறானே என்று அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். மறுநாளும் பீட்ரூட். அவளுக்கும் அந்த நாட்களில் அகோரப் பசி. சாப்பிட்டு முடித்தால் அடுத்த நொடியே தூக்கம்.

அன்று சாயங்காலம் உள்ளறையிலிருந்து ரோசி கூப்பிட்டாள்.

"கஸ்பாரு."

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கஸ்பார் ஓடினான்.

ரோசி தரையில் உட்கார்ந்திருந்தாள். பால் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அதற்குள் பால். இளம் ரோஸ் நிறத்தில்.

"ரத்தம்யா," என்றாள். "என் ஒடம்புல இன்னாமோ ஆயிட்ச்சு. புள்ள மூஞ்சத் திருப்புனது இதுக்குத்தான். அதுக்கு மொதல்லயே தெரிஞ்சிகீது."

கஸ்பார் பாட்டிலை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கினான். அவனையறியாமல் வாயிலிருந்து வந்தது.

"அளவு மீறிட்ச்சு."

"இன்னா அளவு?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"யோவ். இன்னா அளவு?"

"பச்சையக் கொல்றதுக்குச் செவப்பு. நா ஒரு சொட்டுதான் நெனச்சேன். நீ சட்டியோட துன்னுட்ட."

மீன் ஏற்றிய வண்டி ஒன்று தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ரோசி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நா இன்னா உன் டின்டிங் மிஷினா?"

"இல்ல ரோசி."

"உனுக்கு வாக்கப்பட்டதுக்கு என்னைய டப்பாவுல ஊத்தி மூடி போட்டு வித்துருவ நீ."

அழ ஆரம்பித்தவள் நடுவிலேயே நிறுத்தினாள். ஏதோ நினைவு வந்தது போலப் பாட்டிலைத் திரும்ப வாங்கினாள்.

"இரு. அப்ப இது மத்தியானம் துன்ன பீட்ரூட்டா?"

"அதான் சொல்லிகினு கீறேன்."

"மத்தியானம் என் வாயில போனது சாயங்காலம் இதுல வந்துட்ச்சா?"

இருவரும் பாட்டிலைப் பார்த்தார்கள். தட்டில் இருந்தது, வயிற்றுக்குப் போனது, அங்கிருந்து ரத்தத்துக்குப் போனது, எந்த வழியில் திரும்பியதோ, பிள்ளையின் வாய்க்கு வந்து நிற்கிறது. வழி காட்ட ஆள் இல்லை. போர்டு இல்லை. ஆனால் சரியான முகவரிக்கு வந்திருக்கிறது.

"அப்ப நா இன்னா துன்றேன்னு அவனுக்குத் தெரியும்," என்றாள் ரோசி மெதுவாக. "நா கவுன்ட்டர்ல குந்திகினு வறுத்த கடலை துன்னது கூட."

கஸ்பார் தலையாட்டினான். அவனுக்குப் பேச்சு வரவில்லை.

ரெஜினாவுக்கு வந்தது. இனிமேல் இந்த வீட்டில் கலர் உள்ள பொருளே அடுப்பில் ஏறக் கூடாது என்று உத்தரவு போட்டாள். இட்லி, தேங்காய்ப்பால் சோறு, முள்ளங்கி, வெள்ளைப் பூசணி. இவற்றோடு அவள் கையால் பால் சுறா மீனில் செய்த புட்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அதைவிட வேறொன்று இல்லை என்பது காசிமேட்டின் தீர்ப்பு. புட்டில் மஞ்சள் தூள் கூடப் போடவில்லை.

"அக்கா, உங்க புட்டத் துன்னு துன்னு சுடிதாரு ஒண்ணும் ஏற மாட்டேன்னுது," என்றாள் ரோசி.

"ஏறலன்னா நைட்டியோட போ. புள்ள முக்கியமா சுடிதாரு முக்கியமா?"

ரோஸ் போனது. பச்சையும் போனது. மூன்றாம் நாள் காலை, கஸ்பார் டம்ளரை நீட்டி முதல் பாலைப் பிடித்தான். ஜன்னலுக்குக் கொண்டுபோனான்.

நீலம்.

தண்ணீர் போல, டம்ளரின் மறுபக்கம் தெரிகிற மாதிரி, துணிக்குச் சொட்டு நீலம் போட்டு அலசிய கடைசித் தண்ணீர் மாதிரி ஒரு நீலம்.

"முடிஞ்சுது," என்றான். "சரக்கு தீந்துட்ச்சு ரோசி. வெறும் தின்னரு வந்துகினு கீது."

"சொம்மா நிக்கிறியா? இன்னும் பாதி கூட ஆவல." ரோசி நிறுத்தாமல் பீய்ச்சிக்கொண்டே இருந்தாள். இன்னொரு டம்ளர் கேட்டாள். கொடுத்தான். அது நிறைய நிறையக் கஸ்பாரின் கண்கள் பெரிதாகிக்கொண்டே போயின.

இரண்டாவது டம்ளரில் விழுந்தது கெட்டியான பால். ஆடை ஆடையாக, மஞ்சளாக, பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கியது.

அவன் இரண்டு டம்ளரையும் ஜன்னல் திண்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒரே ஆள். ஒரே பக்கம். நடுவில் ஒரு காபி குடிக்கிற நேரம். ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். அவன் கிடங்கில் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமென்றால் மிஷினை நிறுத்த வேண்டும், குழாயைக் கழுவ வேண்டும், செங்குட்டுவன் திட்டுவதைக் கேட்க வேண்டும். இங்கே ரோசி கால் நீட்டி உட்கார்ந்து, ரெஜினாவோடு வஞ்சிர விலை பேசிக்கொண்டிருந்தாள்.

"ரோசி, எப்டி பண்ண இத்த?"

"நா இன்னா பண்ணேன்? அது பாட்டுக்கு வருது."

அந்தப் பதில்தான் அவனை உலுக்கியது. அவள் ஒன்றுமே செய்யவில்லை. அவளுக்கே தெரியாமல் உள்ளே யாரோ கலக்கிக்கொண்டிருக்கிறார்கள். அன்று முதல் தடவையாகக் கஸ்பார் வேலைக்கு நேரங்கழித்துப் போகத் தயாரானான்.

ஆனால் போகவே முடியவில்லை.

ரோசி ஜெரியை மடியில் போட்டாள். அவன் வாய் வைத்தான். ஒரு வாய். அவ்வளவுதான். முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்னால் வளைந்தான். பாலாடையில் கொடுத்தார்கள், தட்டிவிட்டான். பசியில் விரலைச் சப்பிக்கொண்டு அழுதான். ஆனால் பாலைக் கிட்டே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டான். ரோசி கைப்பையை எடுத்தாள்.

"ஆட்டோ புடி," என்றாள்.

திருவொற்றியூரில் டாக்டர் ஜஸீமாவின் தாய் சேய் கிளினிக். மேசையின் மேல் கஸ்பார் சின்னச் சின்ன பாட்டில்களை வரிசையாக நிறுத்தினான். தினமும் கொஞ்சம் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்திருந்த பால். கிடங்கில் சாம்பிள் வைக்கிற பாட்டில்கள், கொதிக்க வைத்துக் கழுவியவை. ஒவ்வொன்றுக்கும் கீழே ஷேடு கார்டிலிருந்து கத்தரித்த ஒரு துண்டு. பக்கத்தில் நின்ற நர்ஸ் ஜானட் ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரைப் பார்த்தாள்.

"இன்னா மேடம், வூட்டுக்குப் பெயிண்டு அடிக்கிறோமா?"

டாக்டர் சிரிக்கவில்லை. பச்சை பாட்டிலை எடுத்தார்.

"இது?"

"கீரை சாப்ட நாளு டாக்டர்."

"இந்த ரோஸ்?"

"பீட்ரூட்டு. அது என் தப்பு."

"தப்பில்லை. ரெண்டுமே சாப்பாட்டு நிறம், தானாப் போயிடும். பயப்பட ஒண்ணுமில்லை. மார்பில் வெடிப்பு இருந்து ரத்தம் கலந்தால் துரு மாதிரி, பழுப்பா வரலாம். அப்படி வந்தால் மட்டும் காட்டணும்." அவர் அடுத்ததை எடுத்தார். "இந்த நீலத்தைப் பார்த்துப் பயந்தீங்களா?"

"தண்ணியா கீதே டாக்டர்."

"முதல்ல வர்ற பால் அப்படித்தான். பால் இறங்க இறங்கக் கொழுப்பு கூடிக்கிட்டே போகும். கொழுப்பு உள்ளே சுவர்ல ஒட்டிக்கிட்டு இருக்கும், கடைசியில்தான் கழண்டு வரும். அதனால முடிவுல கெட்டியா, கொஞ்சம் மஞ்சளா."

கஸ்பாருக்குச் சட்டென்று புரிந்தது. "டப்பாவுல கெட்டிப் பெயிண்டு அடியில நிக்கிற மாதிரி."

"வச்சுக்கோங்க."

"அப்ப மொதல்ல ரசம், கடைசில பாயாசம். ஒரே எலையில."

டாக்டருக்கு அது பிடித்திருந்தது. "நல்லா சொன்னீங்க. அது மட்டுமில்லை. காலையில வர்ற பாலும் சாயங்காலம் வர்ற பாலும் ஒண்ணு இல்லை. குழந்தைக்கோ அம்மாவுக்கோ நோய்த் தொற்று வந்தால், அதை எதிர்க்கிற அணுக்கள் பாலில் கூடுதுன்னு ஆராய்ச்சியில் பார்த்திருக்காங்க. இன்னும் எங்களுக்கே முழுசாத் தெரியாத விஷயம் எவ்வளவோ இருக்கு."

"அதெல்லாம் இவளுக்குத் தெரியாமலே நடக்குதா டாக்டர்?"

"அவங்க தூங்கும்போதும் நடக்குது."

கஸ்பார் திரும்பி ரோசியைப் பார்த்தான். நாற்காலியில், பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து வைக்கிற கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தலை கலைந்து, தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருந்தாள். துறைமுகத்தில் எவ்வளவோ பெரிய கப்பல்களை அண்ணாந்து பார்த்திருக்கிறான். இப்படி அவன் எதையும் பார்த்ததில்லை. எழுந்து நின்றால் தேவலை போலிருந்தது. நின்றான்.

"உக்காருய்யா," என்றாள் ரோசி பல்லைக் கடித்துக்கொண்டு. "மானத்த வாங்காத."

உட்கார்ந்தான். ஆனால் வந்த காரியம் இன்னும் முடியவில்லை. கடைசி பாட்டிலை முன்னால் தள்ளினான்.

"இத்தப் பாருங்க டாக்டர். எல்லாத்தையும் நிறுத்திட்டோம். வெள்ளைச் சோறுதான் துன்றா. பச்சை போச்சு, ரோஸு போச்சு. இந்த மஞ்சா மட்டும் போவல. நாளுக்கு நாள் ஏறிகினு கீது. புள்ள இத்தக் குடிக்க மாட்டேன்னுது. அவனுக்கு வேற பாலு ஒத்துக்காது டாக்டர். இதுவும் இல்லன்னா..."



டாக்டர் முதலில் ஜெரியைப் பார்த்தார். காது, தொண்டை, நெஞ்சு, வயிறு. எடை போட்டார். ஜெரி ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான். "இவனுக்கு ஒரு குறையும் இல்லை," என்றார். பிறகு மஞ்சள் பாட்டிலைச் சாய்த்தார். பால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, வர மனமில்லாதது போல இறங்கியது. ஒரு துளியை விரலில் தொட்டுப் பிரித்துப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு எங்கோ போயிருந்தது.

"பால் அளவு குறைஞ்சிருக்கா?"

"ஆமா டாக்டர்," என்றாள் ரோசி. "கொஞ்ச நாளா."

"இது சாதாரணப் பால் மாதிரி இல்லை. சீம்பால் மாதிரி இருக்கு." அவர் எழுந்தார். "நீங்க உள்ளே வந்து படுங்க. ஜானட், திரையை இழு."

பச்சைத் திரை சரசரவென்று மூடியது.

கஸ்பார் ஜெரியைத் தோளில் போட்டுக்கொண்டு திரைக்கு இந்தப் பக்கம் நின்றான். டாக்டர் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். 'எப்போ' என்பது மட்டும் காதில் விழுந்தது. "இன்னும் இல்ல டாக்டர், பால் குடுத்துகினு கீறேனே," என்று ரோசி சொன்னாள். சீம்பால் என்பதைச் சொல்லும்போது டாக்டர் ஏன் சிரிக்கவில்லை? கட்டியாக இருக்குமோ? கஸ்பார் தெரிந்த ஜெபத்தையெல்லாம் பாதிப் பாதியாகச் சொன்னான். எதுவும் முழுதாக வரவில்லை.

உள்ளே ஏதோ மிஷினைப் போட்டார்கள். முதலில் வெறும் இரைச்சல், ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காத மாதிரி. பிறகு அதற்குள்ளிருந்து ஒரு சத்தம். தடதடவென்று, சின்னதாக, அவசரமாக, காசிமேட்டிலிருந்து கிளம்பிக் கடலுக்குள் போகிற படகின் இன்ஜின் தூரத்தில் கேட்கிற மாதிரி. தோளில் கிடந்த ஜெரி தலையைத் தூக்கிக் கேட்டான்.

திரைக்குப் பின்னால் ரோசி அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"டாக்டர்," என்று கஸ்பார் திரையைப் பார்த்துக் கேட்டான். "பாலு கெட்டுப் போச்சா?"

"கெடலை," என்று டாக்டரின் குரல் வந்தது. "ருசி மாறியிருக்கும், அதான் முகம் சுளிக்கிறான். அவனுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. பசிச்சா மறுபடி குடிப்பான், குடுங்க. மத்த சாப்பாட்டை நான் எழுதித் தர்றேன்."

கஸ்பாருக்கு மூச்சு திரும்பி வந்தது. மூச்சு வந்ததும் புத்தி வந்தது. புத்தி வந்ததும் சந்தேகம் வந்தது. கணக்கு உதைத்தது.

"அது சரி டாக்டர், சீம்பாலுன்னா புள்ள பொறந்த ஒடனே வர்றதுதான? இவன் பொறந்து பத்து மாசம் ஆவுது. இவனுக்கு இன்னாத்துக்கு இப்ப திரும்பவும் சீம்பாலு?"

ஜானட் திரையை விலக்கிக்கொண்டு தலையை மட்டும் நீட்டினாள்.

"இவனுக்குன்னு யாரு சார் சொன்னது? உள்ள இன்னொருத்தரு வந்துகினு கீறாரு, அவருக்கு."